ஒன்பது வாளித் தணல்

அடுப்புக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பார்கள். அல்டோனா யுர்கோனிஸ் அந்த அக்டோபர் மாதம் என் கடைக்குள் வந்து, தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே எத்தனை அடி விடவேண்டும் என்று கேட்டாள். யார் கட்டில் என்று நான் கேட்கவில்லை. ஹெக்கர் பாட்ச் என்கிற எங்கள் சுரங்கக் குடியிருப்பில் யாருக்கு எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

அவள் புருஷன் கிளெம் பதினாறு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். முப்பத்தோரு வருஷம் கழித்து, சுரங்கத்தை மூடின அன்றுதான் மேலே வந்தார். வரும்போது பாதிக் கரியை நெஞ்சுக்குள் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் இதைச் சுரங்க இழுப்பு என்போம். டாக்டர்கள் வேறு ஏதோ நீளமான பெயர் சொல்கிறார்கள். பெயர் நீளமானால் மூச்சு நீளமாகிவிடுமா? இரண்டு வருஷமாக அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் ராத்திரி பகல் இல்லாமல் முனகிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்கு வரும்.

அல்டோனா சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். முப்பத்துநாலு வருஷம் காலர் மட்டும்தான். ஒரு முழுச் சட்டையை அவள் தைத்ததே இல்லை என்று சொல்லிச் சிரிப்பாள். சுரங்கம் மூடிய பிறகு அந்த வீட்டில் அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. கிளெம் இரண்டு வருஷம் வேலை தேடினார், கிடைக்கவில்லை, பிறகு தேடுவதையும் விட்டுவிட்டார். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. வீட்டில் எதை வாங்குவது, யாருக்கு என்ன கொடுப்பது, மகளை எங்கே படிக்கவைப்பது எல்லாம் அவள் வைத்ததே சட்டம். ஆனால் நெருப்பு விஷயத்தில் மட்டும் கிளெம் வைத்ததுதான் சட்டம். எவ்வளவு கரி போடுவது, சாம்பல் உதிர எப்போது உலுக்குவது, காற்றை எவ்வளவு விடுவது என்று அவர் சொல்வார், அவள் தலையாட்டுவாள். நாற்பத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் அவள் தானாக ஒருமுறைகூட வீட்டு நெருப்பில் கை வைத்ததில்லை.

எங்கள் வீடுகள் மலைச்சரிவில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. தெருப்பக்கம் பார்த்தால் நிலவறை மண்ணுக்குள் புதைந்திருக்கும். கொல்லைப்பக்கம் நாலு கல்படி ஏறினால் வெளியே வந்துவிடலாம். சமையல், சாப்பாடு, சீட்டாட்டம், சண்டை, சமாதானம் எல்லாம் நிலவறையில்தான். மேலேயும் ஒரு சமையலறை இருக்கும், அது பார்வைக்கு. அல்டோனாவின் மேல் அடுப்பில் முப்பது வருஷமாக ஒரு முட்டைகூட வெந்ததில்லை. முன்னறைக்கு அதைவிட மரியாதை. நாற்காலிக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை, தரையில் யாரும் மிதிக்காத கம்பளம். முன்வாசலைப் பாதிரியார் வந்தால் திறப்போம், பிணம் போனால் திறப்போம். கிளெமின் அப்பா, அம்மா, சுரங்கக் கூரை விழுந்து செத்த தம்பி, மூன்று பேரையும் கிடத்தியது அந்த முன்னறையில்தான்.

நிலவறையில் இருந்தது கிளெமின் அம்மா காலத்து வார்ப்பிரும்பு அடுப்பு. அந்த அக்டோபரில் அதன் அடிப்பெட்டி விரிசல் விட்டது. போய்ப் பார்த்தேன். விரலே உள்ளே போனது. இனி இதில் நெருப்புப் போட்டால் வீட்டோடு போய்ச் சேர வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நிலவறை ஐஸ் பெட்டியானது. கிளெம் கோட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டு மூன்று போர்வைக்குள் கிடந்தார். குளிர்ந்த காற்று உள்ளே போனால் அவருக்கு இழுப்பு இரண்டு மடங்காகும். பனி விழுவதற்குள் அந்த அறையைச் சூடாக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டமாட்டார்.

அளவெடுக்க நான் போன ஞாயிற்றுக்கிழமை மகள் ரீட்டாவும் பிலடெல்பியாவிலிருந்து வந்திருந்தாள். அம்மாவின் வாயும் அப்பாவின் பிடிவாதமும் சேர்ந்து பிறந்தவள். வந்தவள் கோட்டைக் கழற்றவில்லை.

"மேல ஹீட்டர் இருக்கு, சன்னல் இருக்கு, பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு. கட்டில முன்னறையில போட்டா முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்குப்பா புது அடுப்பு?"

கிளெம் ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்குவார். வாங்கிவாங்கித்தான் சொன்னார். "அந்த ரூமுக்கு நம்ம வீட்ல யாரும் தானா போயிப் படுத்ததில்லம்மா. நாலு பேரு தூக்கிட்டுதான் போயிருக்காங்க. எனக்கும் நேரம் வரும், நீ அவசரப்படாத."

ரீட்டா அம்மாவைப் பார்த்தாள். அல்டோனா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. ரீட்டா என் பக்கம் திரும்பி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றாள். மாடிப்படி குறுகல், திருப்பத்தில் கட்டில் திரும்பாது என்று சொன்னேன். அது மடக்குக் கட்டில், மடக்கி எடுத்தால் சின்னப் பிள்ளைகூட ஏற்றிவிடும். எனக்கு அது தெரியாமலா? ஆனால் என் அம்மாவை நானும் அப்படி ஓர் அறையில் கிடத்தியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற மனிதரை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அடுப்பு நிலவறைக்குத்தான் என்று ஆயிற்று.

எந்த அடுப்பு என்பதுதான் பெரிய கதை. கரண்ட் ஹீட்டர் அந்தக் கல்சுவருக்கு முன்னால் கொசுவுக்குச் சமானம். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேயே தேங்கி நிற்கும். நிலவறையில் அதை வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். மிச்சம் இரண்டு. ஒன்று, மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச்சின்னக் குச்சிகளைத் தானே இழுத்துப்போட்டு எரித்துக்கொள்ளும் அடுப்பு. பொத்தானை அமுக்கினால் எரியும், அமுக்கினால் அணையும். சாம்பல் வாரத்துக்கு ஒரு கைப்பிடி. இன்னொன்று எங்கள் ஊர்க் கரி அடுப்பு. நல்ல சூடு, ஆனால் தூசு, சாம்பல், வேலை.

டாக்டர் கரியே கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். நான் மரக்குச்சி அடுப்பின் படத்தைக் கிளெமிடம் காட்டினேன். ஒரு கை குச்சியை மாதிரிக்குக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"டேய் எட்டி, இது அடுப்புக்கா? முயலுக்குப் போடற தீனி மாதிரில்ல இருக்கு. உன் மாமனார் இதப் பாத்தா பொண்ணத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருப்பாரு."

சிரிக்கப்போய் இருமல் வந்து ஐந்து நிமிஷம் அடங்கவில்லை. அல்டோனா முதுகைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தாள், நான் ஏதோ ஜோக் சொல்லிவிட்டதுபோல. எங்கள் ஊரில் கரியைப் பழித்தால் பெற்ற தாயைப் பழித்த மாதிரி. அது எங்கள் அப்பன்களைத் தின்றது, தம்பிகளைத் தின்றது, ஆனாலும் அது எங்களுடையது. வேறு ஊர்க்காரனுக்கு இந்தக் கிறுக்கு புரியாது. இதுதான் நல்லது கிளெம் என்று ஒரே ஒரு தடவை மெல்லச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அல்டோனா தனியாகக் கடைக்கு வந்தாள். இரண்டு அடுப்பையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். மரக்குச்சி அடுப்பின் பொத்தானை அமுக்கி, எரிவதைப் பார்த்து, மறுபடி அமுக்கி அணைத்தாள்.

"நல்ல அடுப்புதான், எட்டி. இது வந்தா அவரு என்ன செய்வாரு?"

நிம்மதியாகப் படுத்திருப்பார் என்றேன்.

"படுத்துதான இருக்காரு. காலைல கண்ணு முழிச்சா, அடுப்ப உலுக்கணும்னு எந்திரிப்பாரு. சுவத்தப் புடிச்சு, குழாய இழுத்துக்கிட்டு, பத்தடி நடக்க கால்மணி ஆகும். இப்ப மூணு வாரமா எந்திரிக்கவே இல்ல. மூஞ்சியக்கூடக் கழுவமாட்டேங்கறாரு. உலுக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு எந்திரிக்கணும்?"

டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார், நான் தினமும் பார்க்கிறேன் என்றாள். நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். தூசு வேண்டாம் அல்டோனா, அவர் கோபித்துக்கொள்ளட்டும், என்மேல் பழியைப் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூடின வாய்க்கு நல்ல பெயர் கிடைக்கும். கரி அடுப்பை என் வண்டியில் ஏற்றினேன்.

வைக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். புகைபோக்கி வடக்குச் சுவரில், கொல்லைக் கதவு தெற்குச் சுவரில், கட்டில் இரண்டுக்கும் நடுவில். கட்டிலை நகர்த்த இடமில்லை. சாம்பலை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். சாம்பலில் கங்கு இருக்கும். ஆக்ஸிஜனுக்குப் பக்கத்தில் கங்கு போனால் படுக்கை, ஆள், வீடு எல்லாம் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அதனால் முதலில் மெஷினை நிறுத்தவேண்டும், குழாயைக் கழற்றவேண்டும், அப்புறம்தான் வாளியைத் தூக்கவேண்டும் என்று சொன்னேன். அல்டோனாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். காலர் தைக்கிறவளுக்கு ஒழுங்கு சொல்லித்தர வேண்டியதில்லை, அப்படியே சொன்னாள். தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், இரும்பு வெடித்துச் சிதறும் என்றும் சொன்னேன். இந்தக் கெட்டிக் கரி பிடிக்கவும் நேரமாகும், அணையவும் ஒரு நாள் ஆகும், அதுவாக அணைந்தால்தான் உண்டு.

நவம்பர் முதல் கிளெம் மறுபடியும் மனுஷனானார். நிஜமாகத்தான் சொல்கிறேன். காலையில் எழுந்து முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, குழாயை வால்போல இழுத்தபடி அடுப்புக்குப் போவார். கைப்பிடியைப் பிடித்து நாலு உலுக்கு. உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இன்னும் நாலு. நெல்லிக்காய் அளவுக் கரியை அவர் சின்னக் கரண்டியால் வைக்க, அல்டோனா நின்று பார்ப்பாள். பிறகு அவள் மெஷினை நிறுத்தி, சாம்பல் வாளியைக் கொல்லையில் கொட்டிவிட்டு ஓடிவந்து மறுபடி போடுவாள். இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் கிளெம் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொடையில் எண்ணிக்கொண்டிருப்பார். நேற்றைவிட இன்று பத்து எண்ணிக்கை அதிகம், கிழவிக்கு வயசாகிவிட்டது என்று கேலி செய்வார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் வழக்கம்போல் பன்னிரண்டு பதார்த்தம், மீன், காளான், பீட்ரூட், கசகசாப் பாலில் ஊறின சின்ன பிஸ்கட். அடுப்புமேல் தேனும் ஆரஞ்சும் போட்டு விஸ்கி காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனையை முகர்ந்தாலே போதும், நெஞ்சு திறக்கும் என்றார் கிளெம். அறை அவ்வளவு இதமாக இருந்தது, ரீட்டாகூட ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள். ஆனால் நான் கிளம்பும்போது கொல்லைப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"அலமாரி மேல விரல வெச்சுப் பாத்தேன், எட்டி. கறுப்பா ஒட்டுது. அதேதான் அவருக்குள்ளயும் போகுது. அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அம்மாவ நான் மன்னிக்கமாட்டேன். உங்களயும்."

நான் அவர் முகத்தைப் பார் என்று சொன்னேன். பார்த்தேன், அதனால்தான் அங்கே வாயைத் திறக்கவில்லை என்றாள். அவளையும் குறை சொல்வதற்கில்லை.

ஜனவரி பாதியில் அவருக்குச் சளி பிடித்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. அடுப்பு வேலை அல்டோனாவின் கைக்கு வந்தது. அவர் கட்டிலிலிருந்தபடி விரலைக் காட்டுவார். மூன்று விரல் என்றால் மூன்று கரண்டி. கையைக் கவிழ்த்தால் காற்றைக் குறை என்று அர்த்தம். அந்த வாரமெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே குளிர். அதனால் தினமும் காலையில் விளிம்புவரை கரி. அவளும் ஒரு கரண்டி கூட்டாமல் குறைக்காமல் போட்டாள். கிளெமின் எடை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் இருக்கும். ஆனால் அறை சூடாக இருந்தது, அவர் விரலுக்கு நெருப்பு கீழ்ப்படிந்தது. அல்டோனாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மாசக் கடைசியில் திடீரென்று பனி உருகத் தொடங்கியது. எங்கள் பக்கம் ஜனவரியில் அப்படி மூன்று நாள் வரும். தென்காற்று, மூடுபனி, கூரையெல்லாம் சொட்டும். அந்த மாதிரி நாளில் புகைபோக்கி இழுக்காது, புகை அறைக்குள்ளேயே திரும்பும். கரிக்காரன் எவனும் அன்றைக்கு அடுப்பை நிறைக்கமாட்டான், கொஞ்சமாகப் போட்டுக் காற்றைத் திறந்துவிடுவான். கிளெம் விழித்திருந்தால் வாசனையிலேயே கண்டுபிடித்திருப்பார். அன்று காலை ஏழு மணிக்கு அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அல்டோனா அவரை எழுப்ப மனமில்லாமல், முந்தின நாள் போலவே விளிம்புவரை போட்டுவிட்டாள்.

பத்தரை மணிக்கு அறையில் கந்தக வாடை. கிளெம் விழித்துக்கொண்டார், மூச்சு வரவில்லை. அல்டோனா கொல்லைக் கதவைத் திறந்தாள். வெளியேயிருந்து ஈரமூட்டம்தான் வந்தது, உள்ளே இருந்த வாடை போகவில்லை. என் கடைக்குப் போன் செய்தாள். நான் ஒரு வீட்டில் புகைக்குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும், உருகின பனித்தண்ணீர் ஆற்றுப்பாலத்தின்மேல் ஏறியிருந்ததால் சுற்றிக்கொண்டு வரவேண்டும். போனை வைத்தபோது கிளெம் அவளைப் பார்த்துக் கையைக் கவிழ்த்துக்கவிழ்த்துக் காட்டினார். பிறகு வாயால் சொன்னார்.

"அணைச்சிடு. அல்டோனா, அணைச்சிடு."

அந்த அடுப்பு வந்த நாளாக அவர் ஒருதரம்கூட அப்படிச் சொன்னதில்லை. தண்ணீர் ஊற்றக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அதுவாக அணைய மறுநாள் ஆகும். அதனால் அவள் தணலை வெளியே எடுத்துவிடத் தீர்மானித்தாள். அறுபத்தெட்டு வயது. மெஷினை நிறுத்தினாள், அவர் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினாள், இதோ ரெண்டே நிமிஷம் என்று சொன்னாள். அடுப்பு வாயைத் திறந்து வாளியில் தணலை அள்ளி, கட்டிலைத் தாண்டி, கதவைத் தாண்டி, நாலு படி ஏறிப் பனியில் கொட்டிவிட்டுத் திரும்பினாள். அடுப்பில் தணல் இன்னும் நிறைய இருந்தது. இன்னும் ஒரு வாளி எடுத்தால் ஆகிவிடும் என்று நினைத்தாள். அதற்கப்புறம் இன்னும் ஒன்று. நடுவில் மெஷினைப் போட்டு நிறுத்தினால் நேரம் போகும், சீக்கிரம் முடித்துவிட்டால் அவருக்கு மூச்சு வரும் என்று எண்ணிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஒன்பது வாளி.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். கொல்லையில் பனி முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் குழி, ஒவ்வொன்றிலும் ஆவி. படியில் தணல் சிதறிக்கிடந்தது. உள்ளே அடுப்பு வாய் திறந்து காலியாக இருந்தது. அல்டோனாவின் புருவம் கருகியிருந்தது, கை கொப்புளித்திருந்தது, வாளியை இன்னும் கீழே வைக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரப் பெண் கிளெமின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அல்டோனா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அவர் பக்கம் குனிந்து, "அணைச்சுட்டேன், கிளெம்" என்று சொன்னாள்.

அந்தப் பெண்தான் மெஷின் ஏன் நின்றிருக்கிறது என்று கேட்டாள். கரண்ட் போய்விட்டது, இப்போதுதான் வந்தது என்று நான் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. ரீட்டா வந்தபிறகு அவளிடமும் அதையே சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை, அதற்காக மெனக்கெடவும் இல்லை. கரிதான் கொன்றது, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கொன்றீர்கள் என்று அவள் அடக்கத்துக்கு முந்தின நாளே சொல்லிவிட்டாள். அடக்கம் முடிந்ததும் கல்லறையிலிருந்தே பிலடெல்பியாவுக்கு வண்டியைத் திருப்பினாள். ஊர் கூடி அழுதது, சாப்பிட்டது, கலைந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் எங்கள் ஊர் அந்தத் தடவை கரியைக் குறை சொல்லவில்லை, காற்றைத்தான் குறை சொன்னது.

மார்ச் மாதம் நான் போனேன். அல்டோனா நிலவறையில், கோட்டைப் போட்டுக்கொண்டு, அணைந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து ஆவி வந்தது. அன்றைக்குப் பிறகு அவள் அதைப் பற்றவைக்கவே இல்லை. இதை எடுத்துக்கொண்டு போகிறேன், அந்த மரக்குச்சி அடுப்பைக் கொண்டுவந்து மாட்டுகிறேன், ஒரு காசும் வேண்டாம் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். மகள் பேசினாளா என்று கேட்டேன். அதற்கும் இல்லை என்று தலையாட்டினாள். நான்தான் உங்களைக் கெடுத்தேன், மெஷினை நிறுத்தச் சொன்னது நான்தான், ஒரு வாளிக்கு மட்டும்தான், உடனே திரும்பப் போடுங்கள் என்று சொல்லாமல் விட்டதும் நான்தான் என்று சொன்னேன். ஆறு வாரமாக அதையே மென்றுகொண்டிருந்தேன். சொல்லும்போது அழுதும் விட்டேன், ஐம்பத்தைந்து வயதில்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். குரலில் கோபம் இல்லை.

"நீ சரியாத்தான் சொன்ன. நெருப்பத் தூக்கணும்னா மெஷின நிறுத்தத்தான் வேணும். ஆஸ்பத்திரிக் காயிதம் வந்துச்சு, எட்டி. சாகும்போது அவரு எடை தொண்ணூத்திரெண்டு பவுண்டு. கம்பெனில நான் தூக்கின துணிக்கட்டு அதவிடக் கனம்." கொல்லைக் கதவைக் காட்டினாள். "நாலு படி. ஒம்பது தடவ ஏறி எறங்கினேன். ஒரு தடவ அவரத் தூக்கிட்டுப் போயி வெளிய உக்கார வெச்சிருக்கலாம். இல்லேன்னா மேல, முன்னறைக்கு. அங்க ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. எனக்கு அது தோணவே இல்ல. நெருப்ப அணைக்கச் சொன்னாரு, அணைச்சேன்."

எனக்கும் தோன்றியிருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது என்றும் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அவள் கதவிலிருந்து கட்டில் கிடந்த இடம் வரைக்கும் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். நானும் அவளோடு சேர்ந்து அந்தப் பன்னிரண்டு அடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.